ஐந்து பன்றிக்குட்டிகளும் ஐந்து போத்தல்களும்

பன்றிக்குட்டி பார்ப்பதற்காக இராமேஸ்வரக் கரைக்குப் போனவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் பாதிப் பேர் தீர்த்தமாடப் போனார்கள். மற்றவர்கள் கூறைச் சேலை எடுக்கவும், மாப்பிள்ளை பார்க்கவும், வைத்தியம் செய்யவும் போனார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர், புட்டுப் பொதியை அவிழ்த்தபடி, "தம்பி என்ன அலுவலாப் போறியள்?" என்று கேட்டார். அரசாங்க அலுவல் என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் பொதியைக் கட்டிக்கொண்டு வேறு இடம் பார்த்திருப்பார். எனக்குக் கிடைத்த பாதிப் புட்டும் கிடைக்காமல் போயிருக்கும்.

தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோவதற்குச் சில ஆண்டுகள் முந்திய கதை இது. நான் கண்டிப் பக்கத்தில் ஒரு கால்நடை ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். எங்கள் பெரிய டாக்டர் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார். பெண் பன்றிக்குட்டி பருவத்துக்கு வருமுன் அதன் சூலகமும் கருப்பையும் எப்படி வளர்கின்றன? சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் கொழுப்புக்குள் ஒளிந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கூடவே வளர்கிறதா, அல்லது முந்திக்கொள்கிறதா? எங்கள் பண்ணையில் இருந்தவை எல்லாம் சீமை வெள்ளைப் பன்றி கலந்தவை. அவருக்குக் கலப்பில்லாத கறுப்பு நாட்டுப் பன்றி வேண்டும். ஐந்து பெண் குட்டிகள். வயது சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தடவைகூடப் பருவத்துக்கு வந்திருக்கக் கூடாது.

மன்னாரில் தேடிக் களைத்த பிறகு என்னை அக்கரைக்கு அனுப்பினார். உயிரோடு கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். அங்கேயே அறுத்து, சுரப்பிகளை எடுத்து, ஸ்பிரிட்டில் போட்டுக் கொண்டுவர வேண்டும். "ஐந்து போத்தலோடு வந்து நில். உன் வேலையை நிரந்தரமாக்கக் கடிதம் எழுதுகிறேன்" என்றார். யாழ்ப்பாணத்தில் அம்மா எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். போன இடமெல்லாம் "வேலை நிரந்தரமோ?" என்பதுதான் முதல் கேள்வியாம். ஆக, என் கல்யாணமே ஐந்து பன்றிக்குட்டிகளின் வயிற்றுக்குள் இருந்தது என்று சொல்லலாம்.

தனுஷ்கோடியில் இறங்கியதும் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். நாலு கண்ணாடிப் போத்தல்கள், ஒரு சின்னத் தராசு, ஒரு தகரம் நிறைய ஸ்பிரிட். அங்கே மதுவிலக்கு நடக்கிறது என்பதை நானும் பெரிய டாக்டரும் சேர்ந்து மறந்திருந்தோம். "எதுக்கு இது?" என்றார். பன்றியின் உறுப்புகளைப் போட்டு வைக்க என்றேன். "கடத்துறவன்கூட இதைவிட நல்ல காரணமாச் சொல்லுவான்" என்றார். நல்ல மனிதர்தான். இராமநாதபுரத்தில் போய் அனுமதிச் சீட்டு வாங்கி வந்தால் பெட்டியைத் தருவதாகச் சொன்னார். ஐந்தாவது போத்தல், ஸ்பிரிட் நிரப்பியபடி, என் கைப்பையில் வேட்டிக்குள் சுருண்டு கிடந்தது. அவர் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

தலைவலி வந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கீற்றுக் கொட்டகையில் புகுந்து, "ஒரு தேத்தண்ணி தாங்கோ" என்றேன். கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். ஒரு பெரிய கும்பாவில் பழையசோற்று நீரும், பக்கத்தில் உரித்த சின்ன வெங்காயமும் வந்தன. நான் தேத்தண்ணி என்றது அவர் காதில் நீத்தண்ணி என்று விழுந்திருக்கிறது. எங்கள் ஊரில் தேநீருக்குத் தேத்தண்ணி என்பதைத் தவிர வேறு சொல்லே இல்லை என்று விளக்கப் பார்த்தேன். "டீயா? அதைக் குடிச்சா இந்தக் காத்துக்குத் தாங்குமா? இதைக் குடிங்க, வகுறு குளுரும்" என்று முடித்துவிட்டார். உப்புப் போட்டு, மணல் பறக்கும் அந்தக் காற்றில் குடித்தபோது தலைவலி போனது. இன்னொரு கும்பா வாங்கிக் குடித்தேன்.

நான் தங்கியது மண்டபம் என்ற ஊரில், காதர் மரைக்காயர் சங்கு அடுக்கிவைக்கும் கிட்டங்கியை ஒட்டிய ஓர் அறையில். யாழ்ப்பாணத்து வியாபாரி ஒருவர் கொடுத்த கடிதம்தான் எனக்கும் அவருக்கும் உறவு. அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டையில் ஒரு கறைகூட இல்லாத மனிதர். சாப்பிட உட்காருமுன் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

"நான் வந்திருக்கிறது பன்றி அலுவலா. இப்பவே சொல்லிப்போட்டன். பேந்து தெரிஞ்சு நீங்கள் மனம் நோகக் கூடாது."

அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "எங்களுக்கு அது ஹராம் தம்பி. தென்னந்தோப்புக்கு அங்கிட்டு என் நெலம் இல்ல, பொறம்போக்கு. அங்கன வச்சு ஒங்க வேலைய என்னமும் செஞ்சுக்கங்க. குளிச்சிட்டு வீட்டுக்கு வாங்க. சோறு சோறுதான்" என்றார். அன்று நெய்ச்சோறும் மீன் ஆணமும். குழம்பை அவர்கள் ஆணம் என்கிறார்கள். எங்கள் குழம்பைவிடப் புளி குறைவு, தேங்காய்ப்பால் தாராளம். நான் இருந்த நாள் முழுக்க அவர் அந்தப் பிராணியின் பெயரை வாயால் சொல்லவே இல்லை. "ஒங்க அது" என்பார். எனக்கு அது பழகிவிட்டது.

மறுநாள் இராமநாதபுரத்தில் மனுக் கொடுத்தேன். சீட்டுக் கிடைக்க ஐந்து நாளாகும் என்றார்கள். சரி, அதற்குள் குட்டிகளைப் பிடித்துவிடலாம் என்று கடற்கரைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். எங்கள் பஸ்கள் நேரம் தவறினாலும் ஓடும். இது நேரத்துக்குப் புறப்பட்டு, திருப்புல்லாணியில் கொதித்து நின்றுவிட்டது. டிரைவர் தண்ணீர் தேடிப் போன நேரத்தில் எல்லோரும் கோயிலுக்குப் போனோம். பிரசாதமாகப் பாயசம் கொடுத்தார்கள். இரண்டு தடவை கையை நீட்டிய பிறகுதான் பக்கத்தில் இருந்த அம்மாள், அது பிள்ளைவரம் கேட்டு வருகிறவர்களுக்கான பாயசம் என்று சொன்னார். பெண்ணே கிடைக்காதவன் முதலில் பிள்ளைக்கு ஏற்பாடு செய்துவிட்டேன்.

அதற்கும் அப்பால், பனைகளுக்கு நடுவே பத்துப் பதினைந்து வீடுகளும் ஒரு சின்ன மாதாகோயிலும் கொண்ட ஊரில் ஆரோக்கியம் என்ற பெண்ணைக் கண்டேன். என் வயதுதான் இருக்கும், முப்பதை ஒட்டி. கணவர் தனுஷ்கோடித் துறையில் மூட்டை தூக்கினார். வீட்டையும் பன்றிகளையும் இவரே பார்த்துக்கொண்டார். வேலிக்குள் ஐந்து கறுப்புக் குட்டிகள், மைபோல் கறுப்பு, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிழங்குத் தோலைத் தின்றுகொண்டிருந்தன.

"எத்தினை மாதம்?" என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு மன்னாரில் யாரும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

"கிறிஸ்மஸ் நடுச்சாமப் பூசை முடிஞ்சு வந்து பாக்குறேன், தாய் ஈனிக்கிட்டு இருக்கு. ஒம்போது குட்டி. ஆணு நாலும் வித்துப் போச்சு. இது அஞ்சும் பெட்டை" என்றார்.

ஒரே தாய், ஒரே நாள், ஐந்தும் பெண். டாக்டர் கனவில்கூட இப்படிக் கேட்டிருக்க மாட்டார். பருவத்துக்கு வந்துவிட்டனவா என்று கேட்க வேண்டியதை அவசரத்தில் எங்கள் வீட்டுப் பேச்சிலேயே கேட்டுவிட்டேன்: "பெரியபிள்ளை ஆகீட்டுதுகளோ?"

ஆரோக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஏய்யா, பொண்ணு கேட்டா வந்துருக்கீக? இன்னும் ஒண்ணும் ஆகல." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வாங்கிட்டுப் போயி என்ன செய்யப் போறீக? கறிக்கா? ஒரு ஈத்துகூட ஈனாத பெட்டையை நாங்க கறிக்குக் குடுக்குறதில்ல" என்றார்.

"கறிக்கில்லை அக்கா, சத்தியமா. இதுகளின்ர உள்வளர்ச்சியைப் பாக்கப் போறம். பாத்துப்போட்டு எங்கட இடத்தில பக்குவமா வைச்சிருப்பம். இருபது வருசமெண்டாலும் பழுதாகாது."

"இருபது வருசமா!" என்று வியந்தார். "ஒரு பழுதும் வராதுல்ல?"

"ஒரு பழுதும் வராது."

நான் போத்தலைச் சொன்னேன். எங்கள் ஊரில் பழுதாவது என்றால் மீனோ கறியோ கெட்டுப்போவது. என் நாக்கில் ஒரு பொய்யும் இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன். விலை பேசி முடிந்தது. அவர் ஒவ்வொரு குட்டியையும் பிடித்து நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன்.

"இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. வண்டியில ஏத்தி எடம் மாத்துனா நாலஞ்சு நாள்ல சட்டுனு பருவத்துக்கு வந்துரும். ஆணைத் தயாரா வச்சுக்கங்க" என்றார்.

அதை நான் நோட்டில் எழுதவில்லை. வயது, எடை, தீனி எல்லாவற்றுக்கும் எங்கள் பதிவேட்டில் கட்டம் உண்டு. மாட்டுவண்டிக்குக் கட்டம் இல்லை.

மூன்றாம் நாள் அந்த வண்டியைத் தேடியதே ஒரு பாடு. கேட்ட முதல் இரண்டு வண்டிக்காரர்களும் இஸ்லாமியர்கள். மரியாதையாகச் சலாம் சொல்லி விலகிவிட்டார்கள். மூன்றாமவர் ஒத்துக்கொண்டார். ஆனால் வழியெல்லாம் தன் மாடுகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். குட்டிகள் போட்ட கூச்சலில் வழியில் இருந்த ஊர்களெல்லாம் வாசலுக்கு வந்தன. உச்சிப்புளிக்குக் கிட்ட மணலில் ஒரு சக்கரம் புதைந்து வண்டி சாய்ந்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு ஒரு குட்டி குதித்தது. பின்னங்கால் தொடையோடு முறிந்துவிட்டது.

கட்டுப்போட்டுத் தேற்றக்கூடிய முறிவு இல்லை அது. மண்டபம் சேர்ந்ததும், பொழுது சாய்வதற்குள், தோப்புக்கு அப்பால் வைத்து அதை அறுத்தேன். ஒரு போத்தலாவது கையில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

வருத்தத்தோடு வேலையைத் தொடங்கியவன் சிறிது நேரத்தில் வருத்தத்தை மறந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவ்வளவு சுத்தமான உள்ளுறுப்புகள். சூலகங்கள் இரண்டிலும் சவ்வரிசி ஒட்டியதுபோல் சின்னச் சின்ன நீர்ப்பைகள். ஒன்றுகூடப் பழுத்து வெடித்ததில்லை, வெடித்த தழும்பும் இல்லை. கருப்பையின் இரு கொம்புகளும் மெலிந்து, வெளிறி, இன்னும் எதற்கும் ஆயத்தமாகாமல் கிடந்தன. சிறுநீரகத்தின் பக்கத்துக் கொழுப்பை விலக்கியதும் அட்ரினல் சுரப்பிகள், என் சுண்டுவிரல் நீளத்துக்கு, செம்பழுப்பாக. டாக்டர் கேட்ட அத்தனையும் ஒரு போத்தலுக்குள் அடங்கிவிட்டது. நிறுக்கத்தான் தராசு இல்லை. மரைக்காயர் வீட்டில் முத்து நிறுக்கும் தராசு ஒன்று பட்டுத் துணிக்குள் இருந்தது. கேட்டுவிடலாமா என்று வாசல்வரை போனேன். அவருடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன்.

வண்டிக்காரர் இறைச்சியைக் காட்டி, "இதை என்ன செய்யப் போறீக?" என்றார். புதைக்கலாம் என்றேன். "நல்ல கறியப் பொதைக்கிறதா?" என்று கோணியில் கட்டிக்கொண்டு போனார். கறிக்கில்லை, சத்தியமா என்று நான் சொன்னது அப்போது காதுக்குள் கேட்டது. அன்றிரவு ஆணம் எனக்கு இறங்கவில்லை.

அடுத்த நாலு நாளும் காத்திருப்புதான். ஒருநாள் இராமேஸ்வரம் போய் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் நனைந்தேன். எங்கள் கீரிமலையில் ஒரே கேணியில் முங்கி எழுந்தால் வேலை முடிந்தது. இங்கே ஒவ்வொரு கிணற்றுக்கும் ஓடி ஓடித் தலையைக் குனிய வேண்டும். தண்ணீர் இறைத்து ஊற்றியவர், "என்ன வேண்டுதல்?" என்றார். ஐந்து போத்தல் என்று சொல்ல முடியுமா? வேலை நிரந்தரமாக வேண்டும் என்றேன். இன்னும் ஒரு வாளி சேர்த்து ஊற்றினார். ஈர வேட்டியோடு உட்கார்ந்து தின்ற பொங்கலின் ருசி இன்றும் நினைவில் இருக்கிறது. குறைசொல்ல ஒன்றுமில்லாத நாட்கள் அவை. காலையில் கச்சான் காற்று, பகலில் சங்குக் கிட்டங்கியின் நிழலில் தூக்கம், மாலையில் மரைக்காயரோடு கதை.

கதை என்றதும் ஒன்று. "உங்களோட கதைக்க ஆசையாயிருக்கு" என்று நான் சொன்னபோது அவர், "பொய்யெல்லாம் வேணாம் தம்பி, உண்மையவே பேசுவோம்" என்றார். கதைப்பது என்றால் பேசுவது என்று அவருக்குப் புரிய வைக்க ஒரு மாலை போயிற்று.

குட்டிகள்தான் கொஞ்சம் கவலை கொடுத்தன. வந்த நாலாம் நாள் இரண்டு தீனியைத் தொடவில்லை. வேலியோரமாக நடந்துகொண்டே இருந்தன. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறின. வண்டியில் பட்ட பயம் இன்னும் தெளியவில்லை என்று கருப்பட்டித் தண்ணீர் வைத்தேன். பன்றியைப் பற்றி ஐந்து புத்தகம் படித்தவன் நான்.

பெட்டியும் சீட்டும் கைக்கு வந்தன. மறுநாள் காலை தோப்புக்கு அப்பால் பலகை போட்டு, நாலு போத்தலையும் கழுவி வரிசையாக வைத்து, கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மணலில் யாரோ நடந்து வரும் சத்தம். ஆரோக்கியம், தலையில் ஒரு கூடை நிறையச் சர்க்கரைவள்ளிக் கொடியோடு நின்றார்.

"அவுகளைப் பாக்க தனுஷ்கோடிக்கு வந்தேன். அப்புடியே இதுகளையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போவம்னு" என்றவர் வேலிக்குள் எட்டிப் பார்த்தார். "நாலுதான் நிக்கிது. ஒண்ணு எங்கன?"

சொன்னேன். வண்டி சாய்ந்ததையும் கால் முறிந்ததையும் சொன்னேன். பலகையையும் கத்தியையும் அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார்.

"அது கால் முறிஞ்சு போச்சு. சரி. இந்தக் கத்தி யாருக்கு?"

பெட்டிக்குள் இருந்த அந்த முதல் போத்தலை எடுத்துக் காட்டினேன். பக்குவமாக வைத்திருப்போம் என்றது இதைத்தான், இருபது வருடம் பழுதாகாது என்றது இதைத்தான் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போத்தலை இரண்டு கையாலும் வாங்கினார்.

"பழுது வராதுன்னீகளே, போத்தலுக்கா சொன்னீக?" என்று கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அவர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுதான் கர்ப்பப்பையா? இம்புட்டுத்தானா?" என்றார். ஆம் என்றேன். "இந்த நீளமா இருக்குறது?"

"அது அட்ரினல் எண்டு ஒரு சுரப்பி. பயம் வந்தால், ஓடவேண்டி வந்தால், அதுதான் உடம்புக்குள்ள வேலை செய்யும்."

"அப்ப வண்டியில வேலை செஞ்சுருக்கும்" என்றார்.

போத்தலைப் பலகையில் வைத்துவிட்டு வேலிக்குள் போனார். நாலில் பெரியதன் பின்புறத்தைக் குனிந்து பார்த்தார். சிவந்து வீங்கியிருந்தது. அது எனக்கும் தெரிந்ததுதான், பூச்சிக்கடி என்று நினைத்திருந்தேன். அதன் இடுப்பில் உள்ளங்கையை வைத்து அமுக்கினார். அவ்வளவு நேரமும் நிலைகொள்ளாமல் திரிந்த குட்டி, காதை நிமிர்த்திக்கொண்டு, அடித்து வைத்ததுபோல் அப்படியே நின்றது. "வாங்க, வந்து கைய வச்சுப் பாருங்க. வண்டியேத்துனா வந்துரும்னு சொன்னேன்ல." ஒவ்வொன்றாக நாலையும் அமுக்கிக் காட்டினார். மூன்று அசையாமல் நின்றன. நாலாவது முதலில் நழுவி, பிறகு நின்றது.

புத்தகத்தில் படித்திருந்த அடையாளம்தான். என் கண் முன்னால் இரண்டு நாளாக நடந்துகொண்டிருந்தது. நான் வண்டிக்குக் கட்டம் போடாததால் பார்க்கவில்லை. இனி இந்த நாலையும் திறந்தால் பருவமாகாத சூலகம் கிடைக்காது. பழுத்து வெடித்த நீர்ப்பைகளும் இரத்தப் புள்ளிகளும்தான் இருக்கும். டாக்டர் கேட்டது அது இல்லை. ஆனாலும் ஐந்து போத்தல் ஐந்து போத்தல்தானே? நாலையும் அறுத்து, நிரப்பி, வந்தபோதே இப்படித்தான் இருந்தன என்று சொல்லிவிடலாம். வெறும் போத்தலோடு போய் நிற்பதைவிட அது மேல். இந்தக் கணக்கு என் தலைக்குள் ஓடி முடிந்ததை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"நீங்க வாங்குனது. ஒங்க இஷ்டம். நான் ஒண்ணும் சொல்லல" என்று ஆரோக்கியம் கொடியை அள்ளி நாலுக்கும் பங்கு வைத்தார். "சொல்லிட்டு வாங்கிருக்கலாம்."

கத்தியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். "அக்கா, இதுகளைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றேன். அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. நன்றி என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய காரணமும் இல்லை.

விலையைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. வண்டி பிடித்துத் தருகிறேன் என்றபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "வண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். பையப் பைய நடத்தியே கூட்டிட்டுப் போறேன். இதுகளுக்கு அந்தச் சொரப்பி இனிமே வேலை செய்ய வேணாம்" என்றார். அங்கிருந்து அவர் ஊருக்கு ஒருநாள் நடை போதாது, இரண்டு நாளாகும். தனி ஆளாக நாலு பன்றியை ரோட்டில் ஓட்ட யாராலும் ஏலாது. மறுநாள் பகல் கப்பலுக்கு நான் தனுஷ்கோடியில் நிற்க வேண்டும். டாக்டர் தந்த தவணை அதோடு முடிகிறது. ஆனாலும் நானும் கூட வருவதாகச் சொன்னேன்.

அன்று மரைக்காயர் வீட்டுப் பெண்களோடு ஆரோக்கியம் தங்கினார். விடிந்ததும் நாங்கள் புறப்பட்டபோது மரைக்காயர் தோப்பின் எல்லைவரை வந்து, வாழை இலையில் கட்டிய சோற்றைக் கொடுத்தார். வேலிக்கு அப்பால் நின்ற நாலையும் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார். "பத்திரமா ஊர் போய்ச் சேரட்டும்" என்றார். யாரென்று அப்போதும் சொல்லவில்லை.

அந்த வேலை எனக்கு நிரந்தரமாகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு போத்தலோடும் இரண்டு நாள் தாமதத்தோடும் போய் நின்றவனுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? மாட்டுவண்டிப் பயணமும் ஐந்தாம் நாளும் என்று நான் எழுதிக் கொடுத்த பக்கத்தை டாக்டர் இரண்டு தடவை படித்துவிட்டு மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். அதற்கப்புறம் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த நடையை யோசிக்கும்போது எனக்கு ஒரு குறையும் தோன்றுவதில்லை. வெயில் ஏறுமுன் நடந்தோம். ஏறியதும் உடைமர நிழலில் குட்டிகளோடு நாங்களும் படுத்தோம். தேங்காய்ச் சோற்றைத் தின்றபடி ஆரோக்கியம் அவர் கணவரைப் பற்றியும், பிறந்த வீட்டைப் பற்றியும், ஈனும்போது செத்துப்போன ஒரு தாய்ப் பன்றியைப் பற்றியும் பேசினார். தூரத்தில் ரயில் கூவியபோது, என் கப்பலுக்குப் போகிற வண்டி அதுதான் என்று தெரிந்தும் நான் எழுந்திருக்கவில்லை.

உச்சிப்புளி தாண்டி, மூன்று குட்டிகள் ஆரோக்கியத்தின் பின்னால் வரிசையாகப் போயின. நான் ஓட்டி வந்த நாலாவது நடு ரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. நான் அதன் முதுகில் கையை வைத்துப் பலமாகத் தள்ளினேன். அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். காதை நிமிர்த்திக்கொண்டு கல்லாக நின்றது. பஸ்ஸில் இருந்தவர்கள் தலையை நீட்டிச் சிரித்தார்கள். ஆரோக்கியம் திரும்பிப் பார்த்துவிட்டு, அந்த இரண்டு நாளில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

"அங்கன அமுத்தாதீக! நீங்க கைய எடுத்தாத்தான் அது போகும்."

எடுத்தேன். அது போயிற்று.